வாசகர் வந்து சேரும் பக்கம்

ஒரே மொழியில், ஒரே துறையில், ஏறத்தாழ ஒரே தரத்தில் எழுதப்படும் இரண்டு இணையதளங்களில் ஒன்று நாள்தோறும் பெருந்திரளான வாசகரைப் பெறுவதும், மற்றொன்று அதன் உரிமையாளரும் ஊழியரும் மட்டுமே திறந்து பார்க்கும் நிலையில் கிடப்பதும் இத்தொழிலில் உள்ளோர் அடிக்கடி காணும் காட்சியாகும். விளம்பரச் செலவு, வடிவமைப்பின் அழகு, நிறுவனத்தின் பெயர் ஆகியவையே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. தமிழ் இதழ்கள், பதிப்பகங்கள், சிறு வணிக நிறுவனங்கள் ஆகியவற்றின் தளங்களைக் கட்டுவதிலும் பழுதுபார்ப்பதிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஈடுபட்டிருந்த இக்கட்டுரையாளரின் பட்டறிவு வேறொரு காரணத்தை முன்வைக்கிறது. வாசகர்களில் பெரும்பாலோர் ஒரு தளத்தை நினைத்துக்கொண்டு வருவதில்லை. அந்த நேரத்தில் தமக்குத் தேவைப்படும் ஒரு தகவலைத் தேடி, அது இருக்கும் ஒரேயொரு பக்கத்தில் வந்து இறங்குகிறார்கள். அந்தப் பக்கம் கண்டுபிடிக்கத்தக்கதாகவும், தேடியவரின் சொல்லில் எழுதப்பட்டதாகவும், நேற்று இருந்த முகவரியிலேயே இன்றும் இருப்பதாகவும் பார்த்துக்கொண்ட தளங்கள் வளர்ந்தன. முகப்பை அலங்கரிப்பதில் காலத்தைச் செலவிட்ட தளங்கள் தேங்கின.

வருகை என்ற சொல்லையே முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தள உரிமையாளர்கள் பெருமையோடு சொல்லிக்கொண்ட எண்ணிக்கை ‘ஹிட்ஸ்’ எனப்பட்டது. இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளாகிய உலாவி, ஒரு பக்கத்தைக் காட்டுவதற்காகச் சர்வர் எனப்படும் வழங்கிக் கணினியிடமிருந்து கேட்டுப் பெறும் ஒவ்வொரு கோப்பும் ஒரு ஹிட் ஆகும். எனவே இருபது படங்கள் கொண்ட பக்கத்தை ஒருவர் ஒருமுறை திறந்தாலே இருபத்தொரு ஹிட்ஸ் பதிவாகும். படங்களைக் கூட்டினால் வாசகர் கூடாமலே எண்ணிக்கை கூடும். 2005-ஆம் ஆண்டு நவம்பரில் கூகுள் தனது அனலிடிக்ஸ் என்னும் கணக்கெடுப்புக் கருவியைக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கிய பின்னரே, எத்தனை பேர் வந்தனர், எந்தப் பக்கத்தின் வழியாக உள்ளே நுழைந்தனர் என்பதைச் சிறிய தளங்களும் அறிய முடிந்தது. அக்கருவியைத் தமிழ் வார இதழ் ஒன்றின் தளத்தில் பொருத்திய முதல் மாதத்தில் இக்கட்டுரையாளருக்கும் அவ்விதழின் ஆசிரியர் குழுவுக்கும் கிடைத்த செய்தி யாரும் எதிர்பாராததாக இருந்தது. நாள்தோறும் மாற்றி மாற்றி அடுக்கப்பட்ட முகப்புப் பக்கத்தின் வழியாக வந்தோர் சிலரே. பழைய இதழ் ஒன்றில் இடம் நிரப்புவதற்காகச் சேர்க்கப்பட்டிருந்த, ஒரு மலைக்கோயிலுக்குச் செல்லும் பேருந்து வழியும் நடை திறக்கும் நேரமும் மட்டுமே அடங்கிய சிறு பெட்டிச் செய்தி, அட்டைப்படக் கட்டுரைகளைவிட அதிக வாசகரை ஈர்த்துக்கொண்டிருந்தது. அச்செய்தியை எழுதிய உதவி ஆசிரியர் அதை மறந்தே போயிருந்தார்.

இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளங்கிக்கொள்ளத் தேடுபொறியின் செயல்முறையைச் சுருக்கமாகவேனும் அறிய வேண்டும். தேடுபொறி மூன்று வேலைகளைச் செய்கிறது. கிராலர் எனப்படும் நிரல் ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பற்றிக்கொண்டு அடுத்தடுத்த பக்கங்களுக்குச் சென்று அவற்றைப் படியெடுக்கிறது; படியெடுத்தவற்றிலிருந்து, நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போல, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்னும் பட்டியல் உருவாக்கப்படுகிறது; ஒருவர் ஒரு சொல்லைத் தேடும்போது அதைக் கொண்ட பக்கங்களுள் எதை முதலில் காட்டுவது என்பது முடிவு செய்யப்படுகிறது. இம்மூன்றாவது வேலையில்தான் போட்டி நடக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கெய் பிரினும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுரையில் விளக்கிய ‘பேஜ்ரேங்க்’ முறை, ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளை வாக்குகளாகக் கொண்டு, வாக்களிக்கும் பக்கத்தின் தகுதிக்கேற்ப அந்த வாக்கின் எடையையும் கூட்டிக் குறைத்தது. அறிவியல் ஆய்வுரைகளின் மதிப்பை, அவற்றைப் பிற ஆய்வுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டுகின்றன என்பதைக் கொண்டு அளக்கும் வழக்கம் யூஜின் கார்ஃபீல்டின் முயற்சியால் 1960-களிலேயே தோன்றியிருந்தது. அந்தக் கருத்தின் வழிவந்ததே இம்முறை. இன்றைய தேடுபொறிகள் வேறு எத்தனையோ அடையாளங்களைக் கணக்கில் கொள்கின்றன என்றாலும், பிறர் மதித்துச் சுட்டும் பக்கம் மேலே வரும் என்னும் அடிப்படை இன்னும் மாறவில்லை.

இணைப்பு ஏற்கெனவே உள்ள பக்கமே மேலும் மேலும் கண்ணில் பட்டு மேலும் இணைப்புகளைப் பெறும் என்பதால், ‘பணம் பணத்தோடு சேரும்’ என்னும் உலக வழக்கு இங்கும் மெய்யாகிறது. ஆல்பர்ட்-லாஸ்லோ பராபாசியும் ரேகா ஆல்பர்ட்டும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, இணையம் போன்ற வலையமைப்புகளில் ஒரு சில புள்ளிகள் மட்டும் மிகப் பெரும் எண்ணிக்கையில் இணைப்புகளைப் பெற்றிருப்பதற்கு இதையே காரணமாகக் காட்டியது. எனினும் முந்தி வந்தவரே என்றும் முந்தியிருப்பார் என்று இதற்குப் பொருள் இல்லை. 1995 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஆல்டாவிஸ்டா தன் காலத்தின் பெரிய தேடுபொறியாக விளங்கியது. பின்னர் செய்தி, மின்னஞ்சல், கடைத்தெரு என அனைத்தையும் முகப்பில் குவிக்கும் நுழைவாயில் தளமாக மாற முயன்றது. பின்னால் வந்த கூகுள் ஒரு வெற்றுப் பெட்டியை மட்டும் காட்டித் தேடிய விடையைத் தந்தது. 2013-இல் ஆல்டாவிஸ்டா மூடப்பட்டது.

தமிழர் ஒருவருக்கும் பங்குள்ள கிரிக்கெட் தளமாகிய கிரிக்இன்ஃபோவின் வரலாறு இதனினும் தெளிவான சான்று. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த சைமன் கிங் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் 1993-இல் தொடங்கிய அம்முயற்சி, கிரிக்கெட் ஒளிபரப்பே எட்டாத அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த இந்திய, பாகிஸ்தானிய, இலங்கை, ஆங்கிலேய மாணவர்கள் ஸ்கோரைத் தட்டச்சு செய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட வலையமைப்பிலிருந்து பிறந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆய்வு மாணவராக இருந்தவரும், பிற்காலத்தில் சென்னையில் கிழக்குப் பதிப்பகத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவருமான பத்ரி சேஷாத்ரி அதன் தொடக்க காலப் பங்காளிகளில் ஒருவர். 1990-களின் இறுதியில் இணைய நிறுவனங்களில் முதலீடு பெருக்கெடுத்தபோது, புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் பத்திகளையும் பகட்டான முகப்புகளையும் நம்பிப் போட்டித் தளங்கள் பல தோன்றி மறைந்தன, கிரிக்இன்ஃபோ நிலைத்தது. 1877-இல் நடந்த முதல் டெஸ்ட் தொடங்கி ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பக்கம், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு பக்கம், நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்துக்குப் பந்துக்குப் பந்து வருணனை, எந்தப் புள்ளிவிவரத்தையும் வடித்தெடுக்க உதவும் ஸ்டாட்ஸ்குரு என்னும் கருவி ஆகியவற்றை அது வைத்திருந்தது. பத்தி எழுத்தாளரின் கருத்தை வேறு தளத்திலும் படிக்கலாம். குறிப்பிட்ட ஓர் ஆட்டத்தின் ஸ்கோர் அட்டை எங்கே இருக்கும் என்று கேட்டால் அங்கே இருக்கும் என்று அனைவரும் அறிந்திருந்தனர். 2003-இல் விஸ்டன் குழுமமும் 2007-இல் இ.எஸ்.பி.என். நிறுவனமும் அதை வாங்கியபோது, பெயரோடு சேர்ந்து கைமாறிய உண்மையான சொத்து அந்தப் பக்கங்களின் தொகுதியே என்று கொள்வதில் தவறில்லை.

தமிழ்த் தளங்களுக்கு இந்தப் போட்டியில் ஆங்கிலத் தளங்களுக்கு நேராத ஒரு பெருந்தடை இருந்தது. அதை விரித்துரைப்பது தேவை. யூனிகோட் எனப்படும் ஒருங்குறி, உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி எண்ணை ஒதுக்கும் பொதுக் குறியாக்கம். 1991-இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 வெளிவரும் வரை பெரும்பாலான கணினிகளால் அதைத் திரையில் காட்ட இயலவில்லை என்பதால், ஒவ்வொரு நாளிதழும் வார இதழும் தனக்கென ஓர் எழுத்துருவை உருவாக்கி, ரோமன் எழுத்துகளின் எண்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திக்கொண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்னும் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் முன்வைத்தது. வெளிநாட்டுத் தமிழரிடையே டிஸ்கி என்னும் குறியாக்கம் பரவியிருந்தது. இவற்றின் பயனாகக் குழப்பம் ஓரளவு குறைந்ததேயன்றி நீங்கவில்லை. ஒரு தளத்தின் எழுத்துருவை இறக்கிக்கொள்ளாத வாசகருக்கு அத்தளம் பொருளற்ற குறிகளின் குவியலாகவே தெரிந்தது. தேடுபொறியால் எழுத்துருவைக் கொண்டு படிக்க இயலாது. அது எண்களை மட்டுமே படிக்கும். ஆகவே ‘அம்மா’ என்று அச்சான இடத்தில் அது கண்டது பொருந்தாத ரோமன் எழுத்துகளின் கோவையை.

இதன் விளைவு மிகக் கடுமையானது. பத்தாண்டுகளாக நாள் தவறாமல் வெளியிட்டுவந்த பெரிய இதழ்களின் தளங்கள் தேடுபொறியின் அடைவில் தமிழாக இடம்பெறாமலே போக, 2003 செப்டம்பரில் தொடங்கப்பட்டு முதலிலிருந்தே ஒருங்குறியில் எழுதப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவின் பத்து வரிக் கட்டுரைகூட முதலிடத்தில் வந்து நின்றது. விக்கிப்பீடியா முந்தியதற்கு அதன் உலகப் புகழே காரணம் என்று இதழாசிரியர்கள் பலர் அக்காலத்தில் கருதினர். அப்புகழுக்குப் பங்கு உண்டுதான். ஆயினும் ஒருங்குறிக்கு மாறிய சில மாதங்களிலேயே பழைய இதழ்த் தளங்கள் தேடலில் தலைகாட்டத் தொடங்கியதைக் கண்கூடாகக் கண்டவர்கள் அவ்வாறு சொல்ல மாட்டார்கள். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை முறைப்படி ஏற்றபோது, இதழுலகில் பாதி மாற்றம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

மாற்றம் செய்தவர்களும் முழுப் பயனைப் பெற்றனர் என்று சொல்ல முடியாது. பழைய எழுத்துருக்களில் ஒற்றைக்கொம்பு திரையில் தெரியும் வரிசைப்படி மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியில் மெய் முதலிலும் கொம்பு அதன் பின்னும் சேமிக்கப்பட வேண்டும். அவசரமாக எழுதப்பட்ட மாற்றி நிரல்கள் இந்த வரிசையைச் சரியாக மாற்றாததால், சொற்களின் நடுவே அநாதையாகத் தொங்கும் கொம்புகள் ஆயிரக்கணக்கான பக்கங்களில் தங்கிவிட்டன. இதனினும் நுட்பமான பிழை கண்ணுக்கே தெரியாதது. ‘கௌ’ என்னும் எழுத்தின் குறியை அதற்குரிய ஒரே எண்ணால் எழுதாமல், கொம்பையும் ‘ள’கரத்தையும் அடுத்தடுத்து இட்டு எழுதுவோர் பலர், ‘ஸ்ரீ’ என்னும் வடிவமும் இரு வேறு எண் கோவைகளால் எழுதப்படுகிறது. திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். நூலாசிரியர் ஒருவரின் பெயரில் ஔகாரம் வந்ததால், அவருடைய நூல்கள் பதிப்பகத் தளத்திலேயே இருந்தும் அத்தளத்தின் தேடலில் அகப்படாமல் போனதை, ஓராண்டுக்குப் பிறகே இக்கட்டுரையாளர் கண்டறிந்தார். அந்த ஓராண்டு முழுவதும் அப்பெயரைத் தேடி வந்தோர் போட்டிக் கடைகளுக்குச் சென்றிருப்பர் என்பதை நினைக்கும்போது ஏற்படும் வருத்தம் இன்னும் தீரவில்லை.

எழுத்துக்கு அடுத்த தடை சொல்லில் இருக்கிறது. அச்சிதழ் மரபில் தேர்ந்த துணையாசிரியர் தலைப்பைக் கவிநயத்தோடு அமைப்பார். காவிரி டெல்டாவின் பாசனநீர் பற்றிய கட்டுரைக்கு ‘கார்மேகமே, கண் திறவாயா?’ என்று பெயரிடுவது அங்கே அழகு. இதழைக் கையில் வைத்திருப்பவருக்குப் படமும் துணைத்தலைப்பும் பொருளை விளக்கிவிடும். தேடுபவரோ ‘மேட்டூர் அணை நீர்மட்டம் இன்று’ என்று தட்டச்சு செய்கிறார். அவர் தேடும் நான்கு சொற்களில் ஒன்றுகூட அத்தலைப்பில் இல்லை. உலாவியின் மேற்பட்டையிலும் தேடல் முடிவிலும் காட்டப்படுவதற்கென ஒவ்வொரு பக்கத்திலும் ‘டைட்டில்’ என்னும் தனிப் புலம் உண்டு. அதில் எல்லாப் பக்கங்களுக்கும் இதழின் பெயரை மட்டுமே இட்டு வைத்திருந்த தளங்களை இக்கட்டுரையாளர் பலமுறை கண்டதுண்டு. பல்லாயிரம் நூல்கள் கொண்ட நூலகத்தில் எல்லா நூல்களின் முதுகிலும் நூலகத்தின் பெயரையே எழுதி வைத்ததற்கு ஒப்பானது அது. கவித்தலைப்பைக் கைவிட வேண்டியதில்லை. பக்கத்தில் அது இருக்கலாம், டைட்டில் புலத்தில் ‘மேட்டூர் அணை நீர்மட்டம்’ இருந்தால் போதும். இந்த ஒரு திருத்தத்தைப் போலக் குறைந்த உழைப்பில் மிகுந்த பயன் தந்த வேறொன்றை இத்தொழிலில் காண்பது அரிது.

மக்கள் வழங்கும் சொல்லுக்கும் அலுவலகம் வழங்கும் சொல்லுக்கும் உள்ள இடைவெளியும் இவ்வாறே வாசகரைத் திசைதிருப்புகிறது. ‘குடும்ப அட்டை’ என்று மட்டும் எழுதிய பக்கம் ‘ரேஷன் கார்டு’ என்று தேடுபவரை இழக்கிறது. ‘வில்லங்கச் சான்று’ என்று எழுதிய பக்கம் ‘ஈசி’ என்று தேடுபவரை இழக்கிறது. தமிழகத்தில் ‘ரயில்’ என்று தேடும் வாசகருக்கு இணையாக யாழ்ப்பாணத்தில் ‘புகையிரத நேர அட்டவணை’ என்று தேடும் வாசகர் இருக்கிறார் என்பதைச் சென்னையிலிருந்து நடத்தப்படும் தளங்கள் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. நல்ல தமிழ்ச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவருவது ஊடகத்தின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சொல்லுக்கு அருகில் மக்கள் அறிந்த சொல்லையும் ஒருமுறை எழுதினாலன்றி, அந்த நல்ல சொல்லைப் படிக்கவே ஆள் வரமாட்டார். தமிழ் ஒட்டுநிலை மொழியாதலால் ‘மதுரை’ என்னும் ஒரு பெயர் ‘மதுரைக்கு’, ‘மதுரையிலிருந்து’, ‘மதுரையின்’ எனப் பல வடிவம் கொள்கிறது. தேடுபொறிகள் இவ்வடிவங்களை இனங்காணும் திறன் ஆண்டுதோறும் கூடிவருகிறது என்றாலும், வேற்றுமை உருபு ஏறாத வடிவம் தலைப்பிலும் முதல் பத்தியிலும் ஒருமுறையேனும் வருவது பாதுகாப்பானது. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்து தேடுவோரும் பெருந்தொகையினர். அவர்களைப் புறக்கணித்த தளங்கள் இளைய வாசகரை இழந்தன.

வாசகர் என்ன சொல்லைத் தட்டச்சு செய்து வந்தார் என்பதை ஒரு காலத்தில் தளத்தின் பதிவேட்டிலேயே நேரடியாகப் படிக்க முடிந்தது. ஒவ்வொரு காலையும் அந்தப் பட்டியலைப் படிப்பது இக்கட்டுரையாளருக்குத் தொழிற்கல்வியாகவே அமைந்தது. எழுத்துப்பிழைகள், வட்டார வழக்குகள், நோயாளியின் கவலை, மாணவரின் அவசரம் அனைத்தும் அதில் இருந்தன. 2011 அக்டோபரில் கூகுள் தேடல்களை மறையாக்கம் செய்யத் தொடங்கிய பின் அச்சொற்கள் தனித்தனி வருகையோடு சேர்ந்து வருவது படிப்படியாக நின்றது. அவற்றின் தொகுப்பு மட்டும் சர்ச் கன்சோல் என்னும் கருவியில் கிடைக்கிறது. வாசகரின் அந்தரங்கம் காக்கப்பட்டது நியாயமே. ஆயினும் தொகுப்பைக்கூடத் திறந்து பாராமல் தலைப்பிடும் ஆசிரியர் குழுக்கள் இன்றும் உள்ளன என்பது வருந்தத்தக்கது.

மூன்றாவதாக, முகவரி. இதைப் பற்றி எத்தனை முறை எடுத்துரைத்தாலும் தகும். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரி மாறாது என்னும் கருத்தை வலியுறுத்தி 1998-இலேயே எழுதினார். அதே ஆண்டுப் பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் முன்னெடுப்பில் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரிசை எண்ணை இட்டது. முதல் எண் திருக்குறளுக்கு. குறியாக்கம் டிஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறிய பின்பும் அந்த எண் மாறவில்லை. அத்தளத்தில் கண்கவர் வடிவமைப்பு எதுவும் இல்லை, விளம்பரம் இல்லை, ஊதியம் பெறும் ஊழியர் இல்லை. ஆயினும் பழந்தமிழ் நூலைத் தேடுவோர் அங்கு சென்று சேர்கிறார்கள், ஆய்வாளர் பலர் அதன் பக்கங்களையே சுட்டுகிறார்கள். எண் மாறாமல் இருந்ததால் நூலை அடையாளம் காட்டுவதில் குழப்பம் நேரவில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று இக்கட்டுரையாளரின் தொழில்வாழ்வில் மிகவும் கசப்பானதாகும். நெடுங்காலம் நடந்துவந்த இதழ் ஒன்று தன் தளத்தைப் புதுப்பிக்க முடிவு செய்து, உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருளை மாற்றியது. புதிய மென்பொருள் ஒவ்வொரு கட்டுரைக்கும் புதிய முகவரியை வழங்க, பழைய முகவரிகள் அனைத்தும் ஒரே இரவில் ‘404’ ஆயின. அதாவது, கேட்ட பக்கம் இல்லை என்று சர்வர் விடையளிக்கும் நிலையை அடைந்தன. விக்கிப்பீடியாவின் அடிக்குறிப்புகளிலும், பிற தளங்களிலும், வாசகர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்ட செய்திகளிலும் இருந்த இணைப்புகள் யாவும் செத்தன; தேடுபொறி அப்பக்கங்களுக்கு அளித்திருந்த மதிப்பும் அவற்றோடு போயிற்று. பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய முகவரிக்குத் தானாக அனுப்பிவைக்கும் ‘301’ என்னும் நிலையான திசைமாற்றத்தை அமைத்திருந்தால் இழப்பு நேர்ந்திராது. அதை அமைக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்திருந்தும், திறப்பு விழா நாள் நெருங்கியதால் அது ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் சர்வர் பதிவேடுகளிலிருந்தும், 1996-இல் ப்ரூஸ்டர் கேல் நிறுவிய இன்டர்நெட் ஆர்கைவின் சேமிப்பிலிருந்தும் பழைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் திரட்டி, புதிய முகவரிகளோடு இணைத்துப் பட்டியலிடுவதற்குப் பல மாதங்கள் பிடித்தன. இடைப்பட்ட காலத்தில் வாசகர் போட்டி இதழின் தளத்துக்குப் பழகிவிட்டனர். திரும்பி வந்தோர் ஒரு பகுதியினரே.

முகவரியைத் தமிழ் எழுத்தில் அமைப்பது பற்றி ஒரு சொல். மொழிப்பற்றுக்கு உகந்ததெனினும், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் இணைய முகவரியாக நகலெடுக்கப்படும்போது ஒன்பது குறிகளாக விரிகிறது. நீண்ட தலைப்பு முழுவதையும் முகவரியாக்கினால், அதை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது திரையை நிறைக்கும் குறிகளின் மலையாகி, பெறுபவர் அதை ஐயத்துடன் பார்க்கும் நிலை ஏற்படுகிறது. குறுகிய எண்ணும் ஓரிரு சொற்களும் போதுமானவை.

வேகத்தைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை, அது அனைவரும் அறிந்ததே. 2015 ஏப்ரலில் கைப்பேசிக்கு ஏற்ற பக்கங்களுக்கு கூகுள் முன்னுரிமை அளிக்கத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ கைப்பேசிச் சேவை வந்த பின் கைப்பேசி இணையம் இந்தியச் சிற்றூர்களிலும் பரவியது. ஒரு பக்கத்தின் முதன்மைப் பகுதி இரண்டரை விநாடிக்குள் திரையில் தோன்ற வேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள அளவுகோல். ஸ்கேனரிலிருந்து எடுத்த படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றுவதும், படித்துக்கொண்டிருக்கும் வரியைக் கீழே தள்ளிவிட்டு விளம்பரம் நடுவில் புகுவதும் வாசகரை வெளியேற்றும் செயல்களாகும்.

குறுக்குவழிகள் எக்காலத்திலும் விற்பனைக்கு இருந்தன. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் சொற்களை ஒளித்து வைத்தல், ‘கீவேர்டு’ என்னும் மறைபுலத்தில் நூறு சொற்களை அடுக்குதல், பணம் கொடுத்து இணைப்புகளை வாங்குதல், பிறர் எழுதியதைப் படியெடுத்துச் சொல் மாற்றிப் போடுதல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கீவேர்டு புலத்தைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இலேயே வெளிப்படையாக அறிவித்தது. படியெடுத்த, வெறுமையான பக்கங்களை 2011-இல் வந்த ‘பாண்டா’ மாற்றமும், விலைக்கு வாங்கிய இணைப்புகளை 2012-இல் வந்த ‘பெங்குவின்’ மாற்றமும் பின்னுக்குத் தள்ளின. இணைப்பு வாங்கி மேலேறிய வணிகத் தளம் ஒன்று பெங்குவினுக்குப் பின் தன் சொந்தப் பெயரைத் தேடினால்கூட முதற்பக்கத்தில் வராத நிலைக்குச் சென்றது. வாங்கிய இணைப்புகளை நீக்கித் தரும்படி முன்பின் அறியாத தளங்களுக்குக் கடிதம் எழுதும் வேலை இக்கட்டுரையாளர் பொறுப்பில் விடப்பட்டது. வாங்குவதற்கு ஆன செலவைவிட நீக்குவதற்கு ஆன செலவு அதிகம்.

2024-இல் தேடல் முடிவுகளின் உச்சியில், செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடையையே காட்டும் வழக்கத்தைக் கூகுள் அமெரிக்காவில் தொடங்கி அதே ஆண்டில் இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. விடை அங்கேயே கிடைத்துவிட்டால் வாசகர் எந்தத் தளத்துக்கும் வர வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. இது தளம் நடத்துவோர் அனைவரையும் அச்சுறுத்தும் மாற்றமே. ஆயினும் இதனால் முதலில் பாதிக்கப்படுபவை, பிறர் செய்தியைத் திருப்பி எழுதியே வாழ்ந்த தளங்களாகும். தானே திரட்டிய விலைப்பட்டியல், நேரில் சென்று எழுதிய குறிப்பு, வேறெங்கும் இல்லாத பழைய ஆவணம் ஆகியவற்றைக் கொண்ட பக்கத்துக்கு மாற்று இல்லை. தொகுக்கும் எந்திரமும் அவற்றிலிருந்தே எடுத்தாக வேண்டும், ஐயம் எழும்போது வாசகரும் அங்கேதான் வந்தாக வேண்டும்.

அத்தகைய செல்வம் தமிழ் இதழ்களிடமும் பதிப்பகங்களிடமும் ஏராளமாக உள்ளது. அதன் பெரும்பகுதி இன்றும் பழைய எழுத்துருக் கோப்புகளாகக் குறுந்தகடுகளிலும், எந்திரத்தால் படிக்க இயலாத படப் பக்கங்களாகவும் முடங்கிக் கிடக்கிறது. அவற்றை வைத்திருப்போர் ஒருங்குறிக்கு மாற்றும் பணியை இனியும் தள்ளிப்போடாமல், கட்டுரைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு நிலையான முகவரி என்ற முறையில் வெளியிட முன்வர வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் வேண்டுகோள். உடனடியாக அப்பணியைத் தொடங்க இயலாதவர்கள், தங்கள் பழைய கோப்புகளோடு அவற்றுக்குரிய எழுத்துருவையும் ஒரு படியெடுத்துச் சேர்த்தாவது வைக்க வேண்டும். எழுத்துரு இருந்தால் மாற்றி நிரலைச் சில நாட்களில் எழுதிவிடலாம். அது இல்லையென்றால் ஒவ்வொரு குறியும் எந்த எழுத்து என்பதை அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுக் கையால் கண்டறிய வேண்டியிருக்கும்.